ஹெர்2 2+ என்று வந்திருக்கிறது, அம்மாவுக்கு முட்டையை நிறுத்தவா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. இடது மார்பில் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் இஆர் பாசிடிவ், ஹெர்2 2+, கேஐ-67 30 சதவீதம் என்று வந்திருக்கிறது. அதே வாரம் "மார்பகப் புற்றுநோய் பரவக் காரணமான புரதம் கண்டுபிடிப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வர, அன்றைக்கே வீட்டில் முட்டை, பருப்பு, பால் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது. போதாததற்கு, ஊசி குத்தி எடுத்தாலே பரவிவிடும் என்று சித்தி வேறு அழுகிறார். புரதம் உண்மையிலேயே புற்றுநோயைப் பரப்புகிறதா, எப்படி?

முதலில் அம்மாவுக்கு முட்டையைத் திருப்பிக் கொடுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம். நாம் சாப்பிடுகிற புரதம் குடலைத் தாண்டுவதற்குள் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். பழைய வீட்டை இடித்தால் செங்கல் செங்கலாகத்தானே வரும், அது யார் வீட்டுச் செங்கல் என்று அதில் எழுதியா இருக்கிறது? ரிப்போர்ட்டில் இருக்கிற ஹெர்2வும் இஆரும் செல் தன் மரபணுவைப் படித்துத் தானே செய்துகொள்கிற புரதங்கள். முட்டையை நிறுத்தினால் அவை ஒன்றும் குறையப் போவதில்லை, அம்மாவின் தசைதான் கரையும். சிகிச்சையில் இருப்பவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை தினமும் புரதம் வேண்டும் என்பதுதான் ஊட்டச்சத்து வழிகாட்டிகளில் இருப்பது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் பேத்தாலஜிக்காரன். நோயாளியின் முகத்தை அநேகமாகப் பார்ப்பதே இல்லை, சதையின் மெல்லிய சீவலைத்தான் பார்க்கிறேன். அதனால் பரவுதல் என்றதும் என் மனதில் வருவதும் ஸ்லைடுகள்தான், அங்கிருந்தே சொல்கிறேன்.

சாதாரண மார்பகத் திசுவில் பால் குழாயின் செல்கள் ஒன்றோடு ஒன்று நெருக்கமாக ஒட்டி, வட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒட்டவைப்பது ஈ-கேட்ஹெரின் என்கிற புரதம். பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் இன்னொரு ஈ-கேட்ஹெரினோடு கை கோர்த்துக்கொள்ளும், இடையில் கால்சியம் இருந்தால்தான் பிடி நிற்கும். லோபுலர் கார்சினோமா என்று ஒரு வகை இருக்கிறது, மார்பகப் புற்றுநோய்களில் 10-லிருந்து 15 சதவீதம். அதில் பெரும்பாலானவற்றில் இந்தப் பசையே இருக்காது. ஸ்லைடில் பார்த்தால் செல்கள் சுவரோரம் போகிற எறும்புச் சாரி மாதிரி ஒற்றை வரிசையில் போய்க்கொண்டிருக்கும். கட்டி என்று கைக்குத் தட்டுப்படுகிற உருண்டை பல நேரம் இருக்காது, மேமோகிராமிலும் நழுவிவிடும். பரவுகிற இடங்களும் விசித்திரம்: வயிற்று உள்ளுறை, இரைப்பை, சினைப்பை என்று, வழக்கமான மார்பகப் புற்று அதிகம் எட்டிப்பார்க்காத இடங்களுக்கெல்லாம் போகும்.

இதைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? பசை போனால் பரவும், பசை இருந்தால் பரவாது. நானும் அப்படித்தான் படித்தேன், பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன். சிக்கல் என்னவென்றால், மார்பகப் புற்றில் மிகப் பெரும்பான்மையான டக்டல் வகையில், அக்குளில் இருக்கிற நிணநீர்க்கணுவுக்கும் நுரையீரலுக்கும் பரவின கட்டியை எடுத்துச் சாயம் போட்டால், ஈ-கேட்ஹெரின் ஜம்மென்று இருக்கிறது. 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒன்று எலிகளில் இதைச் சோதித்தது. ஈ-கேட்ஹெரினை நீக்கியதும் செல்கள் எதிர்பார்த்தபடியே சுற்றுத் திசுவுக்குள் அதிகமாகப் புகுந்தன. ஆனால் தூர உறுப்புகளில் போய்க் குடியேறியவை வெகுவாகக் குறைந்துவிட்டன, வழியிலேயே செத்தன. அதாவது அதே புரதம் கிளம்புவதற்குத் தடை, பிழைத்துக் கிடப்பதற்குத் துணை. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் "பரவக் காரணமான புரதம்" என்கிற தலைப்புகளை நீங்கள் பழையபடி படிக்க மாட்டீர்கள். நல்ல புரதம், கெட்ட புரதம் என்று கிடையாது. எல்லாம் உடம்பின் சொந்த வேலையாட்கள்தான். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு என்பதுதான் கணக்கு.

ட்விஸ்ட் என்கிற புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழ ஈயின் கருவில் கண்டுபிடிக்கப்பட்டது. கரு உருவாகும்போது, உட்கார்ந்த இடத்தில் இருக்கிற செல்களைப் பிரித்து உள்ளே நடக்கவைக்கிற வேலையில் அதற்குப் பங்கு. பிறந்து வளர்ந்த பிறகு மார்பகச் செல்லுக்கு அந்த நடை தேவையே இல்லை. 2004-ல் எலிகளின் மார்பகப் புற்றுச் செல்களில் பார்த்தபோது, பரவும் கட்டிகளில் ட்விஸ்ட் மறுபடி விழித்திருந்தது. அதை அடக்கினால் நுரையீரலுக்குப் போவது கணிசமாகக் குறைந்தது. புதிதாக எதையும் கண்டுபிடித்துக்கொள்ளவில்லை புற்றுநோய், கருவில் இருந்தபோது போட்டுப் பழகிய சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நடக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா, வழி வேண்டுமே. செல்களைச் சுற்றிக் கொலாஜன் நார்கள் கோரைப்பாய் மாதிரிப் பின்னிக் கிடக்கும். அதை வெட்டுவது எம்எம்பி என்கிற நொதிகள், அவையும் புரதங்களே. இவற்றில் முதலாவது எங்கே பிடிபட்டது தெரியுமா? தவளைக் குஞ்சின் வாலில். தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் எங்கே போகிறது என்று தேடிய கிராஸும் லாப்பியரும் 1962-ல், வாலின் திசு கொலாஜனைக் கரைப்பதைக் காட்டினார்கள். மனிதர்களுக்கு இந்தக் குடும்பத்தில் இருபதுக்கும் மேல் உறுப்பினர்கள். காயம் ஆறுவதற்கு, பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்குவதற்கு, பால் நின்றபின் மார்பகம் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு எல்லாம் இவைதான் வேண்டும். புற்றுக்கட்டிகளில் இவை ஏராளமாக இருப்பதைப் பார்த்ததும் கத்தரிக்கோலைப் பிடுங்கிவிட்டால் நோய் பரவாது என்று 1990-களில் மருந்துக் கம்பெனிகள் கோடிகோடியாகக் கொட்டின. மாரிமாஸ்டாட் என்ற மாத்திரை எலிகளில் நன்றாகவே வேலை செய்தது. மனிதர்களில், பரவிய மார்பகப் புற்று உள்ள பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. தோள்பட்டையும் மூட்டும் பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போனதுதான் மிச்சம். நல்ல வேலை செய்துகொண்டிருந்த எம்எம்பிகளையும் சேர்த்து அடைத்தது ஒரு காரணம். ஏற்கெனவே பரவியவர்களுக்குக் கொடுத்தது இன்னொன்று: திருடன் வீட்டுக்குள் வந்து படுத்துத் தூங்கிய பிறகு வாசல் கதவைப் பூட்டி என்ன பயன்? எலியில் வெற்றி என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த மாத்திரைதான் ஞாபகம் வரும்.

சரி, வெட்டிக்கொண்டு ரத்தத்துக்குள் விழுந்தாயிற்று. இங்கேதான் சித்தியின் பயத்துக்குப் பதில் இருக்கிறது. ரத்தத்துக்குள் விழுகிற புற்றுச் செல்களில் மிக மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. ரத்த ஓட்டத்தின் இழுவை ஒரு பக்கம், எதிர்ப்புச் செல்கள் ஒரு பக்கம், ஒட்டிப் பிழைக்க இடமில்லாதது ஒரு பக்கம். பிழைப்பவை அநேகமாகத் தனியாகப் போகாமல் சின்னக் கூட்டமாகப் போகிறவை. 2014-ல் வந்த ஓர் ஆய்வில், எலிகளில் இந்தக் கூட்டங்களுக்கு ஒற்றைச் செல்லைவிட 23-லிருந்து 50 மடங்கு வரை குடியேறும் திறன் இருந்தது. கூட்டத்தைச் சேர்த்துப் பிடித்திருந்தது பிளாகோகுளோபின் என்ற இன்னொரு பசைப் புரதம். பாருங்கள், மறுபடியும் பசை. ஊசி குத்தும்போது நாலு செல் வழியில் சிந்தலாம், அதை மறுக்கவில்லை. சிந்தின செல் எல்லாம் முளைக்காது. கட்டி தன் பாட்டுக்குத் தினமும் ரத்தத்தில் கொட்டிக்கொண்டிருப்பதற்கு முன்னால் அது கணக்கே இல்லை, ஊசி பயாப்ஸி செய்ததால் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஊசிக்குப் பயந்து பயாப்ஸியை மூன்று மாதம் தள்ளிப்போட்டு, கட்டி தோலைப் பிய்த்துக்கொண்டு வந்தபின் வருகிறவர்களின் சதை என் மேசைக்கு இன்னும் வருகிறது. அதுதான் நிஜமான ஆபத்து.

எங்கே போய் இறங்கும் என்பது அடுத்த கேள்வி. இதை 1889-லேயே லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் கேட்டுவிட்டார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை உட்கார்ந்து எண்ணினார். கல்லீரலில் 241 பேருக்கு, மண்ணீரலில் 17 பேருக்கு மட்டும். ரத்தம் கொண்டுபோய்ப் போடுகிற இடத்தில்தான் முளைக்கும் என்றால் இவ்வளவு வித்தியாசம் வராதே, மண்ணீரலுக்கும்தான் தாராளமாக ரத்தம் போகிறது. விதை எல்லாப் பக்கமும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதி நூறு வருடத்துக்கும் மேல் கழித்து, மண்ணின் ருசி என்ன என்பது புரதத்தின் பெயரோடு தெரியவந்தது. 2001-ல் வந்த கட்டுரை ஒன்றில், மார்பகப் புற்றுச் செல்களின் மேல் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி நிறைய இருப்பதையும், அது தேடிப்போகும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் எலும்பு மஜ்ஜை, நுரையீரல், கல்லீரல், நிணநீர்க்கணு ஆகிய இடங்களில் அதிகம் சுரப்பதையும் காட்டினார்கள். மார்பகப் புற்று விரும்பிப் போகிற பட்டியலும் கிட்டத்தட்ட அதுவே. பிரியாணி வாசம் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை போகிற மாதிரி. வெள்ளணுக்களை ஊருக்குள் வழி நடத்துவதற்காக உடம்பு வைத்திருக்கிற ஏற்பாடு இது, புற்றுச் செல் அதில் ஓசியில் ஏறிக்கொள்கிறது.

எலும்பில் நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரவிய மார்பகப் புற்று அதிகம் உட்காருவது அங்கேதான், வலியும் அங்கேதான். நம் எலும்பை ஒரு கூட்டம் செல்கள் தின்றுகொண்டும் இன்னொரு கூட்டம் கட்டிக்கொண்டும் இருக்கும், ஆயுள் முழுக்க. மஜ்ஜையில் இறங்கிய புற்றுச் செல் பிடிஹெச்ஆர்பி என்ற புரதத்தைச் சுரக்கும். இது பாராதைராய்டு ஹார்மோனின் ஜாடையில் இருப்பது, பாலூட்டும் தாயின் எலும்பிலிருந்து பாலுக்குக் கால்சியம் எடுத்துக்கொடுக்கிற வேலையை மார்பகமே இதை வைத்துத்தான் செய்கிறது. இது கட்டுகிற செல்லைத் தட்டும், அது ராங்க்-லிகண்ட் என்ற புரதத்தை வெளியே நீட்டும், அதைப் பார்த்துத் தின்கிற செல்கள் பெருகும், எலும்பு கரையும். கரையும் எலும்புக்குள் டிஜிஎஃப்-பீட்டா என்று ஒரு வளர்ச்சிப் புரதம் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது, அது வெளியே வந்து புற்றுச் செல்லை இன்னும் உசுப்பிவிடும். உசுப்பப்பட்ட செல் மறுபடி பிடிஹெச்ஆர்பியைக் கொட்டும். செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி இதேதான். இந்தச் சுற்றில் ஒரு கண்ணியை அறுக்கத்தான் டெனோசுமாப் ஊசி; ராங்க்-லிகண்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும், 2010-ல் இதற்கென்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புற்றுச் செல்லை நேராகக் கொல்லுவதற்கான ஊசி இல்லை இது. எலும்பு முறிவையும் வலியையும் தள்ளிப்போடும், அதுவே பெரிய விஷயம். இந்த ஊசியோ, எலும்புக்கான இன்னொரு ஊசியான சோலெட்ரானிக் ஆசிடோ போடச் சொன்னால் அதற்கு முன் ஒருமுறை பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் படுத்தும்.

எல்லாம் இறங்கியவுடன் வளர்ந்துவிடுவதும் இல்லை. இஆர் பாசிடிவ் வகையில் இது ரொம்பவே உண்டு: ஐந்து வருடம் மாத்திரை முடித்து, எல்லோரும் மறந்துபோன பிறகு பன்னிரண்டாம் வருடம், பதினெட்டாம் வருடம் என்று எழும்பும். அதுவரை சில செல்கள் எங்கோ மூலையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. எழுப்புவது எது என்பதற்கு 2018-ல் எலிகளில் கிடைத்த ஒரு பதில் எனக்குப் பிடித்தமானது. புகையிலைப் புகையால் நுரையீரலில் அழற்சி வந்தபோது அங்கே குவிந்த வெள்ளணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியையும் எம்எம்பி-9-ஐயும் கொட்டின, அவை லாமினின் என்ற தரைவிரிப்புப் புரதத்தை வெட்டின, வெட்டுப்பட்ட லாமினின் பக்கத்தில் தூங்கிய புற்றுச் செல்லை எழுப்பிவிட்டது. தவளை வால் குடும்பத்துக் கத்தரிக்கோல் மறுபடி வந்துவிட்டது, இந்த முறை வெட்டியது புற்றுநோயே இல்லை, நம்முடைய சொந்தப் படை.

இனி உங்கள் அம்மாவின் ரிப்போர்ட். கேஐ-67 என்பது பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் மட்டும் இருக்கிற புரதம். ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டுபிடித்ததால் கேஐ, சோதனைத் தட்டில் 67-ஆம் குழியில் கிடைத்ததால் 67, பெயருக்கு வேறு ரகசியம் ஒன்றும் இல்லை. 30 என்றால் நூறில் முப்பது செல் பெருகும் முனைப்பில் இருக்கிறது. லேபுக்கு லேப் இந்த எண் கொஞ்சம் ஆடும், அதை மட்டும் வைத்துத் தூக்கம் கெட வேண்டாம். இஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காரும் நாற்காலி. அது பாசிடிவ் என்பது நல்ல சேதி, ஏனென்றால் அதை அடைக்கவும் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கவும் மலிவான, பல பத்தாண்டுகள் பார்த்துப் பழகிய மாத்திரைகள் இருக்கின்றன. மேலே சொன்ன தூங்கும் செல்களுக்காகத்தான் அவற்றை ஐந்து வருடம், சிலருக்கு அதற்கும் மேல், விடாமல் சாப்பிடச் சொல்வது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இரண்டாம் வருடம் நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய.

ஹெர்2தான் உங்கள் அம்மா விஷயத்தில் இன்னும் முடிவாகாதது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடியில் வைன்பெர்க் என்பவரின் ஆய்வகத்தில் எலியின் நரம்புக் கட்டியிலிருந்து இந்தப் புரதம் அடையாளம் காணப்பட்டது. 1982-ல் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நம் நாட்டவரான லட்சுமி சரண் பாதி. 1987-ல் டென்னிஸ் ஸ்லாமன் என்ற அமெரிக்க மருத்துவர் 189 மார்பகக் கட்டிகளை எடுத்துப் பார்த்து, சுமார் 30 சதவீதத்தில் இந்த மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருப்பதையும், அவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புவதையும் காட்டினார். இன்றைய கணக்கில் இது 15-லிருந்து 20 சதவீதம். சாதாரணச் செல்லின் மேல் சில பத்தாயிரம் ஹெர்2 இருந்தால் இந்தச் செல்களில் இருபது லட்சம் வரை இருக்கும். நெரிசலில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே "வளர், நகர்" என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கும். மூளைக்குப் போகும் வாய்ப்பும் இந்த வகையில் கூடுதல். ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பிடிப்பதும் சுலபம். ஹெர்2வைப் பிடிக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-ல் வந்தபின், பயமுறுத்திய வகையே நன்றாகக் கட்டுப்படுகிற வகையாக மாறிவிட்டது.

ஸ்லைடில் இதைப் பார்ப்பது எப்படியென்றால், ஹெர்2வைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றி, அதன்மேல் பழுப்புச் சாயம் ஏற்றுவோம். 3+ என்றால் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பேனாவால் கோடு போட்ட மாதிரி அடர்பழுப்பு, முழுசாக ஒரு கோழி வலை தெரியும். 0 என்றால் வெறும் நீலம். 2+ என்றால் வலை தெரிகிறது, ஆனால் மங்கல், சில இடத்தில் அறுந்திருக்கிறது. அது எங்களுக்கே தெரியவில்லை என்று அர்த்தம், மரியாதையாக எழுதுகிறோம். அதனால் 2+ வந்தால் ஃபிஷ் என்ற அடுத்த சோதனை செய்து, மரபணுவே பெருகியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாக வேண்டும். அது முடியாமல் உங்கள் அம்மாவுக்கு ஹெர்2 மருந்து வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ யாரும் சொல்ல முடியாது. ஃபிஷ் நெகட்டிவ் வந்தால் அதைக் குறைந்த அளவு ஹெர்2 என்று வைத்துக்கொள்வார்கள். நோய் பரவிய நிலையில் இந்தக் குழுவுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகான் என்ற மருந்து வேலை செய்கிறது என்று 2022-ல் தெரிந்ததால், முன்பு ஒதுக்கிவிட்ட அந்த 1+, 2+ எண்களுக்கு இப்போது மதிப்பு வந்துவிட்டது.

இன்னொன்று, இது என் வயிற்றெரிச்சல். சாயம் சரியாகப் பிடிக்க, எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள், சதையைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலினில் விழ வேண்டும், ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும், மூன்று நாளைத் தாண்டக் கூடாது. ஒருமுறை பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் ஒன்றிலிருந்து பஸ்ஸில் ஒரு ஊறுகாய் பாட்டில் வந்தது. உள்ளே சதை, சுற்றி இருந்தது வெறும் சலைன். இரவு முழுக்கப் பயணம். கலங்கின சதையில் இஆர் நெகட்டிவ் காட்டியது, எனக்கு நம்பிக்கை வரவில்லை, மறுபடி எடுத்து முறையாகப் போட்டு அனுப்பச் சொன்னோம், பாசிடிவ். அந்த அம்மாவுக்கு ஐந்து வருட மாத்திரை கிடைக்காமலே போயிருக்கும்.

அதனால் நாளைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, முட்டையை வேகவைத்துவிட்டு, ஃபிஷ்ஷுக்கு எழுதிக் கொடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேட்பது. வேறு லேபில் செய்வதென்றால் பயாப்ஸி செய்த இடத்தில் ரிப்போர்ட்டோடு, சதையைப் பதித்து வைத்திருக்கிற மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், அது உங்களுக்குக் கிடைக்க வேண்டியதுதான். தீப்பெட்டியைவிடச் சின்னதாக, பிளாஸ்டிக் கூட்டுக்குள் வெள்ளையாக இருக்கும், ஓரத்தில் பென்சிலால் எண் எழுதியிருக்கும். சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொண்டு போங்கள். வெயிலில் நிற்கிற ஸ்கூட்டர் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.